அண்ணன் முகத்தை மட்டும் தின்ற வைரஸ்

போன வாரம் குலசாமி கோயிலில் நடந்ததைப் படித்துவிட்டு ராசாத்தியைத் திட்டாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். திட்டினது போதும் என்று நினைத்துவிடாதீர்கள், மிச்சம் இருக்கிறது. புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோவும் அதை ஒட்டியே வீடும் வைத்திருக்கிறான் நிலவழகன். அவன் படம் எடுப்பான். அவன் மனைவி ராஜலட்சுமி, நமக்கு ராஜி, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் செய்வாள். இவர்களுக்கு ஒரே மகள். பாப்பாவுக்கு முடி இறக்கிக் காது குத்தினார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடி ராஜியின் அண்ணன் அருள்மணியுடையது. ஆனால் கொடும்பாளூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு புறப்பட்ட அவனுடைய வேன் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. "நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுது" என்று பறந்தாள் நிலவழகனின் அக்கா ராசாத்தி. தன் புருஷன் செந்தமிழனை மணையில் உட்கார வைத்தாள். அவர் மடியில் குழந்தையைக் கொடுத்து, காதைக் குத்தி முடித்தும் விட்டாள். அருள்மணி வந்து இறங்கியபோது பாப்பா அழுது ஓய்ந்திருந்தாள்.

அப்புறம் என்ன செய்வது? போட்டோக்காரக் குடும்பம் என்ன செய்யுமோ அதைச் செய்தார்கள். அருள்மணியை அதே மணையில் உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்து, காது குத்திய ஆசாரியைச் சும்மா ஊசியைக் காதோரம் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

இன்று அந்த ஆல்பம் பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய நாள். சாயங்காலம் ராசாத்தி வந்து பார்த்துச் சரி சொன்னதும் அனுப்புவதாகப் பேச்சு. தம்பி மகள் ஆல்பத்துக்கு அவள் எதற்குச் சரி சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்களா? ராஜியும் அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், வாய்க்குள்ளேயே.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு ஆல்பத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நடுப்பக்கம் காலி. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அண்ணனைப் பெரிதாகப் போட்டு, ஓரத்தில் பூவேலை செய்து, நேற்று முழுக்க உட்கார்ந்து இழைத்த பக்கம். அங்கே படத்துக்குப் பதில் வெறும் கட்டமும், 'கோப்பைக் காணவில்லை' என்ற வரியும் இருந்தன.

"ஏங்க, இங்கிட்டு வாங்க!"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த நிலவழகன் எட்டிப் பார்த்தான். "என்ன?"

"அண்ணன் படத்தக் காணோம். போல்டர்லயும் இல்ல. அந்த ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி வச்சிருந்தோம்ல, அதுலயும் இல்ல."

"வைரஸா இருக்கும். சிஸ்டமே கொஞ்ச நாளா இழுத்துக்கிட்டுத்தான கெடக்கு?"

"கேமரா கார்டு?"

"அத அன்னைக்கே அழிச்சுட்டு வேற வேலைக்குப் போட்டாச்சே ராஜி." அவள் முகத்தைப் பார்க்காமலே பையை மாட்டிக்கொண்டான். "திருமயம் கோட்டைக்கு அவுட்டோர் போறேன். பொண்ணு மாப்ள காத்துக்கிட்டு இருப்பாங்க. இருக்கதை வச்சு முடிச்சுரு."

போய்விட்டான். ராஜிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சனியன் பிடித்த வைரஸ், திங்கிறதுக்கு வேற படமா கிடைக்கவில்லை?

அவள் மூக்கைச் சிந்துவதற்குள் போன் அடித்தது. ராசாத்தி.

"ராஜி, நடுப்பக்கம் காலியாக் கெடக்காமே?"

"ஒங்களுக்கு யாரு அண்ணி சொன்னது?"

"தம்பிதான் வண்டியில போய்க்கிட்டே சொன்னான். வெறும் பக்கமா விட்டா பாக்கவா நல்லாருக்கும்? எங்க வீட்டுக்காரரு மடியில பாப்பா இருக்க படத்தப் பெருசாப் போட்டுரு. அவரும் அவளுக்கு மாமாதான? உள்ளதும் அதுதான."

உள்ளதும் அதுதானாம். நாக்கில் நரம்பு இல்லாதவள். ராஜி "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு போனை மேஜையில் வைத்தாள்.

மடியைப் பிடுங்கினாள். இப்போது பக்கத்தையும் பிடுங்குகிறாள். இந்தப் பொம்பளையை ஒரு நாளாவது வாயடைத்து நிற்க வைக்காவிட்டால் நான் அருள்மணிக்குத் தங்கச்சி இல்லை என்று ராஜி தனக்குள் சொல்லிக்கொண்டாள். முதலில் இந்த வைரஸைப் பிடிக்க வேண்டும், முடிந்தால் அண்ணன் படத்தை அதன் வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும்.

திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷர்லிக்கு போன் போட்டாள். ராஜிக்கு டிசைன் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"விண்டோஸ் கூடவே ஒரு வைரஸ் காவல் வரும்ல, அது ஓடுதா பாரு மொதல்ல" என்றாள் ஷர்லி.

"ஓடலக்கா. ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணப் போனா அமுங்கவே மாட்டேங்குது. பட்டன் சாம்பல் பூத்துக் கெடக்கு."

"ரீஸ்டார்ட் பண்ணு. ஷட் டவுன் இல்ல, ரீஸ்டார்ட். அப்படியே தேதியும் டைமும் சரியா இருக்கா பாத்துக்க."

செய்தாள். தேதி சரி, நேரம் சரி. பட்டன் அசையவில்லை.

"வேற ஆன்டிவைரஸ் எதுவும் போட்டிருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்குக்கா. சிஸ்டம் வாங்குனப்ப கடையில போட்டுக் குடுத்தாங்க. காலம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. புதுப்பி புதுப்பின்னு கத்திக்கிட்டே இருக்கும், நாங்க கண்டுக்கிறதில்ல."

"அதத் தூக்கிரு. அது ஒக்காந்திருந்தா இது ஒதுங்கிக்கும். அது தானும் வேலை பாக்காது, அடுத்ததையும் பாக்க விடாது."

"எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்குக்கா."

"யாரு, ஒங்க அண்ணியா?" ஷர்லி சிரித்தாள். "மொதல்ல சிஸ்டத்துல இருக்கதத் தூக்கு."

தூக்கினாள். மறுபடி ரீஸ்டார்ட். தொட்டிலில் பாப்பா சிணுங்கினாள். எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காதுமடல் இன்னும் சிவந்திருந்தது, தோடு பட்டால் குழந்தை வீறிட்டது. தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெதுவாக வைத்தாள். அதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து வந்தது.

"அக்கா, இப்பயும் ஆகல. இப்ப வேற என்னமோ சொல்லுது. இதை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்னு வருது."

"ஒங்க சிஸ்டத்துக்கு யாரு அட்மின்?"

"நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மறுமுனையில் ஷர்லி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப யாரோ உள்ள போயி பூட்டிருக்காங்க ராஜி. சில வைரஸும் இந்த வேலையப் பாக்கும், மனுசனும் பாப்பான். நான் சொல்லச் சொல்ல டைப் அடி."

ஷர்லி சொன்ன இடத்துக்கு ராஜி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனாள். கடைசிக் கதவுக்குள்ளே ஒரு வரி இருந்தது. வைரஸ் காவலை நிறுத்தி வை என்று ஓர் உத்தரவு, அதற்கு எதிரே 'ஆம்' என்று குறி. அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தாள்.

பட்டனைத் தட்டினாள். நீலமாக நகர்ந்து உட்கார்ந்தது.

"ஆயிருச்சுக்கா!"

"அவசரப்படாத. எதையெல்லாம் பாக்க வேணாம்னு ஒரு பகுதி கீழ இருக்கும். அதத் தெற."

திறந்தாள். ஒரே ஒரு போல்டர் பெயர் அங்கே இருந்தது. ஆல்பம் செய்கிற சாஃப்ட்வேர் இருக்கும் போல்டர்.

"வைரஸு போயி இந்த ஒண்ண மட்டும் பாத்துராதன்னு எழுதி வைக்குமா?" என்றாள் ஷர்லி. "இது மனுசன் வேலை. அந்த சாஃப்ட்வேர் காசு குடுத்து வாங்குனதா, கிராக்கா?"

அந்த ஊரில் எந்த ஸ்டுடியோவில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்? பூட்டை உடைத்து ஓசியில் ஓட வைக்கிற அந்தக் கிராக்கைப் போட்டால் வைரஸ் காவல் அதைத் தூக்கி எறியும். அதனால் காவலைத் தூங்க வைத்துவிட்டுத்தான் கிராக்கைப் போடுவார்கள். தெரியாத சங்கதி இல்லை. ஆனால் தன் சிஸ்டத்திலும் அப்படித்தான் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பூட்டியவன் நிலவழகன்.

"அந்த வரிய எடுத்துட்டு முழுசா ஸ்கேன் போடு" என்றாள் ஷர்லி. "வேற ஏதாவது இருந்தா அதுலயே தெரிஞ்சுரும். முடிஞ்சதும் கூப்புடு."

ஸ்கேன் ஓடியது. ராஜி சோறு வைத்தாள், பாப்பாவுக்கு ஊட்டினாள், தூங்கப் போட்டாள். ஒரு கஸ்டமர் வந்து பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்கிப் போனார். வெயில் ஸ்டுடியோ வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது ஸ்கேன் முடிந்தது.

கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஆல்பம் சாஃப்ட்வேரின் கிராக். வேறு ஒரு தூசு துரும்பு இல்லை.

ராஜி ஷர்லியைக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அக்கா, படத்தைத் திங்கிற வைரஸ் ஒண்ணுமே இல்லக்கா. எரநூறு முந்நூறு படம் இருக்க எடத்துல, எங்க அண்ணன் மொகத்த மட்டும் தேடித் தேடித் திங்கிற வைரஸ எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? ஹார்ட் டிஸ்க் வரைக்கும் போயித் திங்கிறத?"

"பாத்ததில்ல ராஜி."

"எங்க வீட்டுக்காரரு அழிச்சிருக்காரு. அவுங்க அக்கா சொல்லி அழிச்சிருக்காரு. எங்கிட்ட வைரஸுன்னு கதை விட்டுட்டுப் போயிட்டாரு."

ஷர்லி என்னவோ சமாதானம் சொன்னாள். ராஜி காதில் எதுவும் ஏறவில்லை. கண் திரையில் இருந்தது. கிடைத்த அந்தக் கிராக்கை என்ன செய்யலாம் என்று கம்ப்யூட்டர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது. விட்டுவிடலாம், அகற்றிவிடலாம்.

"அக்கா, அகற்றுன்னு குடுத்தா என்ன ஆகும்?"

"சாஃப்ட்வேர் தெறக்காது. லைசென்ஸ் கேட்டு நிக்கும். உள்ள இருக்க ஆல்பம் பூரா மாட்டிக்கும். யோசிச்சு அமுக்கு."

யோசித்தாள். உள்ளே நாலு கல்யாண ஆல்பம் பாதியில் கிடந்தது, எல்லாம் நிலவழகன் வாக்குக் கொடுத்தது. காதுகுத்து ஆல்பமும் அதற்குள்தான். இன்று சாயங்காலம் ராசாத்தி ஜம்மென்று வந்து உட்கார்ந்து, தன் புருஷனை நடுப்பக்கத்தில் பார்க்கப்போகிற ஆல்பம்.

சண்டை போட்டால் வாயாடி என்பார்கள். அழுதால் வேஷம் என்பார்கள். வைரஸ் காவலைப் போட்டதற்கு எவன் என்ன சொல்ல முடியும்?

அமுக்கினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, டீ போட்டாள்.

நிலவழகனும் ராசாத்தியும் ஒன்றாகவே வந்தார்கள். ராசாத்தி நல்ல சேலை கட்டியிருந்தாள், ஆல்பம் பார்க்க வந்தவள் போலவே இல்லை, ரிலீஸ் பண்ண வந்தவள் போல இருந்தாள்.

"போட்டுட்டியா ராஜி?"

"நீங்களே பாருங்க அண்ணி. ஒங்க தம்பி தெறந்து காட்டுவாரு."

நிலவழகன் உட்கார்ந்து சாஃப்ட்வேரைத் தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான். லைசென்ஸ் எண்ணைக் கொடு என்று ஒரு கட்டம் வந்து நின்றது. மூன்றாம் முறை தட்டும்போது அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. திரை ஓரத்தில் இருந்த, வைரஸ் காவலின் பச்சைக் குறியை அப்போதுதான் கவனித்தான்.

"யாரு இத ஆன் பண்ணுனது?"

"நான்தான்."

"எவன் ஒன்னைய ஆன் பண்ணச் சொன்னது? நான் பூட்டி வச்சத எதுக்குடி நோண்டுன?"

"பூட்டி வச்சது நீங்கதான்னு இப்பத்தான் ஒங்க வாயாலயே வருது. வைரஸ் வந்து எங்க அண்ணன் படத்தத் தின்னுருச்சுன்னு காலையில சொன்னது யாரு? புருஷன் சொல்லுக்கு மதிப்புக் குடுத்து வைரஸத் தேடுனேன். ஒரே ஒரு திருட்டுச் சாமான்தான் மாட்டுச்சு. தூக்கி எறிஞ்சுட்டேன். தப்பா?"

நிலவழகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நாலு கல்யாண ஆல்பம் ராஜி… நாளைக்கு வந்து கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

"வைரஸுன்னு சொல்லுங்க. நல்லாத்தான வருது ஒங்களுக்கு."

ராசாத்தி இடுப்பில் கை வைத்தாள். "ஒரு படத்துக்கா இந்த ஆட்டம் ஆடுற? வேலை செய்யிற சாமான ஒடைச்சுப் போட்டு, எம் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

"நீங்க எம் மக தலையில போட்டீங்களே அண்ணி, அத விடவா? அவளுக்குத் தாய்மாமன் மடியில்லாம ஆக்குனீங்க. அது பத்தலேன்னு, அவன் ஒக்காந்த படத்தையும் அழிக்கச் சொல்லி ஏவி விட்டீங்க. ஒங்களுக்கு வயிறு எரியட்டும்னுதான் பண்ணேன். நல்லா எரியட்டும்!"

"நான் எங்கடி அழிக்கச் சொன்னேன்?" ராசாத்தி கத்தினாள். "பக்கம் காலின்னு தம்பி சொன்னான், அவரு படத்தப் போடுன்னு சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!"

"பொய்!"

"அக்கா சொல்லல ராஜி." நிலவழகன் தலை நிமிராமலே சொன்னான். "ஒங்க அண்ணன்தான் அழிக்கச் சொன்னாரு."

ராஜிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலையில் வைரஸ், சாயங்காலம் அண்ணன். அடுத்து யார் தலையில் போடப்போகிறார்? போனை எடுத்தாள், எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, காதுகுத்துப் படத்த அழிச்சுட்டு, நீ சொல்லித்தான் அழிச்சோம்னு இங்க சொல்றாங்கண்ணே. கேட்டியா அநியாயத்த?"

அருள்மணியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"ஆமாத்தா. நான்தான் மாப்ளைக்கு போன் பண்ணிச் சொன்னேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன். அவரத் திட்டாத."

"ஏண்ணே?"

"குத்தி முடிச்ச காதுல ஊசிய வச்சு, நான் மடி குடுத்த மாதிரி படம் எடுத்தீங்க. நீ கையப் புடிச்சுக் கெஞ்சுன, அதுக்காக ஒக்காந்தேன். காதுல ரத்தம் காயாம மடியில புள்ள அழுகுது. மாப்ள 'சிரிங்க மச்சான்'ங்கிறாரு. சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா எனக்குச் சோறு எறங்கலத்தா."

"ஒன்னைய விட்டுறக் கூடாதுன்னுதாண்ணே நடுப்பக்கத்துல பெருசா…"

"பெருசாத்தான் போடுவன்னு தெரியும். அதான் அழிக்கச் சொன்னேன். அவுங்க எடத்தப் புடுங்குனாங்க, அது அவுங்க குணம். நீ எனக்கு வேஷம் கட்டி விட்டியே, அதைத்தான் என்னால தாங்க முடியல." அவன் குரல் உடையவில்லை, இறுகித்தான் இருந்தது. "ஒங்க அண்ணி அங்க இருந்தா அவுங்களும் கேட்டுக்கட்டும். பாப்பா சடங்குக்கு நான் வர மாட்டேன். கல்யாணத்துக்கும் வர மாட்டேன். மடி குடுத்தவரு இருக்காரு, மாலையும் அவரே எடுத்துட்டு வரட்டும்."

"அண்ணே, அண்ணே!"

போனை வைத்துவிட்டான். அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

காலையிலிருந்து கூர் தீட்டிய கத்தி ராஜியின் கையிலேயே இருந்தது, குத்துவதற்கு ஆள்தான் மாறிப்போயிருந்தது. உள்ளே பாப்பா முழித்துக்கொண்டு அழுதாள். போய்த் தூக்கி வந்து தோளில் போட்டுக்கொண்டாள். இவள் பெரிய மனுஷியாகி மணையில் உட்காரும்போது பின்னால் யார் நிற்பது?

"சரி விடு" என்றாள் ராசாத்தி, கொஞ்சம் இறங்கின குரலில். "கோவத்துல பேசுறான். கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாப் போயிரும்."

"போகாது. எங்க அண்ணன எனக்குத் தெரியும்." ராஜி செருப்பை மாட்டினாள். "கெளம்புங்க."

"எங்கிட்டு?"

"கொடும்பாளூருக்கு."

"நீ போ. நான் எதுக்கு?"

"மடியப் புடுங்குனது நீங்க. திருப்பிக் குடுக்கவும் நீங்கதான் வரணும். அவன் வீட்டு வாசல்ல நின்னு, ஒங்க வாயால சொல்லணும்."

"என்னடி சொல்லணும்? நான் போயி அவன் கால்ல விழணுமா? தம்பி, ஒம் பொண்டாட்டி பேசுற பேச்சக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா." நிலவழகன் எழுந்தான். நின்றுபோன கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஸ்டுடியோ வேன் சாவியை எடுத்தான்.

ராஜி அவனை முறைத்தாள். "ஒங்களையும் நான் விட்டுறல. வைரஸுன்னு சொன்ன பொய்க்கு ஒங்களுக்குத் தனியா இருக்கு."

"இருக்கட்டும்" என்றான். வெளியே போய் வேனைக் கிளப்பினான். பின்கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, அக்காவைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவள் சொல்லைத் தட்டாதவன், இப்போது குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"ஏறுக்கா."

ராஜி குழந்தையோடு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராசாத்தி ஸ்டுடியோ படியிலேயே நின்றாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.